கிரிப்டோ வியாபாரமும் நம் நாள்வழிப் புத்தகமும்



சேரன்மகாதேவிக்கு மேற்கே உள்ள ஓர் ஊரிலிருந்து எங்கள் கடையில் இருபது வருடமாகச் சரக்கு எடுத்து வரும் மளிகைக்காரர் ஒருவர் உண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் வருவார். பழைய பாக்கியைக் கட்டிவிட்டுப் புதுச் சிட்டையைக் கொடுப்பார். 2024 தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் தொடர்ந்து இரண்டு செவ்வாய் அவரைக் காணவில்லை. போனையும் எடுக்கவில்லை. மூன்றாவது செவ்வாய் வந்தார். கையில் சிட்டை இல்லை. "அண்ணாச்சி, தீபாவளிச் சரக்குக்கு வச்சிருந்த மூணு லட்சத்து நாப்பதாயிரமும் போயிட்டு" என்றார்.

திருட்டு இல்லை, சீட்டு இல்லை. கல்லூரி முடித்துவிட்டுக் கடையில் இருக்கும் மகன், செல்போனில் கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கப் போயிருக்கிறான். டெலிகிராம் குழு ஒன்றில் யாரோ ஒரு செயலியை அனுப்பி, "இது கம்பெனி நடத்தும் சந்தை இல்லை, நடுவில் ஆளே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். பத்தாயிரம் போட்டான், நாலாம் நாள் பன்னிரண்டாயிரமாக வங்கிக்குத் திரும்பி வந்தது. அப்புறம் சரக்குப் பணம் முழுவதையும் போட்டான். செயலியில் அது ஐந்தரை லட்சமாக வளர்ந்து காட்டியது. எடுக்கப் போனால், "30 சதவீத வரியை முதலில் கட்டு, பிறகு பணம் வரும்" என்று செய்தி வந்தது. நல்லவேளை, அந்த வரியைக் கட்டக் கையில் காசு இல்லாததால் அப்பாவிடம் உண்மையைச் சொன்னான்.

பையனை வரவழைத்துக் கேட்டோம். அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இதுல யாரையும் நம்ப வேண்டிய தேவையே இல்ல பெரியப்பா, எல்லாம் கணக்கு பாத்துக்கும்னு சொன்னாங்க."

யாரையும் நம்பாமல் ஒரு வியாபாரமா? நாங்கள் படித்தது பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. தான். ஆனாலும் நாற்பது வருடத்துக்கு மேல் பருப்பும் வத்தலும் விற்றிருக்கிறோம். எங்கள் ஆடிட்டரையும், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மருமகப் பிள்ளையையும் பல ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துக் கேட்டு, ஐயாயிரம் ரூபாயைப் பள்ளிக்கூடச் சம்பளம் என்று நினைத்துச் சொந்தமாகவும் போட்டுப் பார்த்து, விளங்கிய மட்டும் எழுதுகிறோம்.

பலர் கையில் ஒரே பேரேடு

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவர் யாரென்று இன்றுவரை வெளிப்படவில்லை. அதில் சொன்ன பிட்காயின் 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. வங்கி என்ற நடு ஆள் இல்லாமல் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் பணம் மாற வழி செய்வதே அதன் நோக்கம். அதற்கு அவர் செய்த ஏற்பாடு, ஒரே பேரேட்டை உலகத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் வைத்துக்கொள்வது. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தின் முத்திரை இருக்கும். ஒருவர் தம் புத்தகத்தில் அடித்துத் திருத்தினால் மற்றவர்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

இது நமக்குப் புரியாத விஷயமே அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. எங்கள் குடோனில் இடுப்பளவு தண்ணீர். பருப்பு மூட்டை போனது போகட்டும், பேரேடும் ஊறிக் கூழாகிவிட்டது, கம்ப்யூட்டரும் அப்படியே. நாற்பத்தொரு கணக்குக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் எங்கள் பற்று அவர்களுடைய நோட்டில் வரவாக இருக்குமல்லவா? ஒரு வாரத்துக்குள் முப்பத்தெட்டுப் பேர் நோட்டைக் கொண்டு வந்து காட்டித் தொகையைச் சொன்னார்கள். முதலில் வந்தவர் மேலே சொன்ன மளிகைக்காரர்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்த நோட்டைப் பிரித்து, "62,400 அண்ணாச்சி, சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றார். எதை வைத்துப் பார்ப்பது!

பேரேடு பலர் கையில் இருந்தால் கணக்கு அழியாது என்பது இதில் ஒரு பாதி. கிரிப்டோக்காரர்கள் அதை நம்மைவிட நன்றாகவே செய்திருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அன்று எங்களைக் காப்பாற்றியது நோட்டு மட்டுமா? நோட்டை எடுத்துக்கொண்டு படி ஏறி வந்தார்களே, அதுவும்தான். மூன்று பேர் வரவே இல்லை. அவர்கள் கடையிலும் நோட்டு இருக்கத்தான் செய்தது.

அந்தப் பொதுப் பேரேடு "இன்னார் முகவரியிலிருந்து இன்னார் முகவரிக்கு இத்தனை நாணயம் போயிற்று" என்பதற்கு மட்டுமே சாட்சி. வாங்கியவர் யோக்கியரா, அந்த நாணயத்துக்கு நாளைக்கு மதிப்பு இருக்குமா, நாம் பார்க்கும் செயலி அந்தப் பேரேட்டோடு சேர்ந்ததுதானா என்பதற்கெல்லாம் அது சாட்சி சொல்லாது. பையன் வைத்திருந்த செயலி எந்தப் பேரேட்டோடும் சேர்ந்ததில்லை. ஐந்தரை லட்சம் என்பது வெறுமனே திரையில் எழுதிக் காட்டிய எண். முதலில் பன்னிரண்டாயிரம் திருப்பிக் கொடுத்தது தூண்டில் புழு.

நம் பக்கத்தில் உண்டியல் எழுதிப் பணம் மாற்றிய காலம் இருந்தது. துண்டுக் காகிதத்துக்குப் பெரிய தொகை கைமாறும். காகிதத்தை யாரும் நம்பவில்லை. எழுதியவர் கையொப்பத்தையும், அவர் தவறினால் அந்த வட்டாரத்தில் இனி அவர் சரக்கு எடுக்க முடியாது என்பதையும் நம்பினார்கள். மூட்டைக்கு இத்தனை காசு என்று மகமை எடுத்த தெருக்களில், வாக்குத் தவறியவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சபையும் இருந்தது. புதுச் சந்தையில் அப்படிக் கூப்பிட்டுக் கேட்கத் தெருவே கிடையாது. ஆகையால் அந்தச் சபை செய்த வேலையை நாமே நம் பழக்கத்தால் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குவியல் சந்தை

நடு ஆள் இல்லாத சந்தை என்று உண்மையாகவே ஒன்று உண்டு. 2018இல் வந்த யூனிஸ்வாப் அவற்றில் பெயர் பெற்றது. அது எப்படி விலை வைக்கிறது என்பதை மருமகப் பிள்ளை பருப்பு மூட்டையை வைத்து விளக்கினார்.

ஒரு மண்டபத்தில் நூறு மூட்டைப் பருப்பும் ஐந்து லட்சம் ரூபாயும் குவித்து வைத்திருக்கிறது. காவலுக்கு ஆள் இல்லை, ஒரு விதி மட்டும் உண்டு. மூட்டை எண்ணிக்கையையும் ரூபாயையும் பெருக்கினால் வரும் தொகை எப்போதும் மாறக்கூடாது. அப்போது விலை மூட்டை ஐயாயிரம். பத்து மூட்டை எடுத்தால் மீதி தொண்ணூறு. விதிப்படி குவியலில் 5,55,556 ரூபாய் இருக்க வேண்டும். ஆக நாம் போட வேண்டியது 55,556. மூட்டை 5,556 விழுந்துவிட்டது. ஐம்பது மூட்டை எடுத்தாலோ ஐந்து லட்சம் போட வேண்டும், மூட்டை பத்தாயிரம்! விற்கப் போனாலும் இதே கதை தலைகீழாக நடக்கும். குவியல் சிறிதாக இருந்தால், திரையில் காட்டும் விலை ஒன்று, நமக்குக் கிடைக்கும் விலை வேறு. நயினார்குளம் மார்க்கெட்டில் நாலு லாரி காய் வந்த நாளுக்கும் ஒரு லாரி வந்த நாளுக்கும் விலை எப்படி மாறுகிறது என்று அறிந்த நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வாங்குமுன் விலையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், குவியல் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

அந்தக் குவியலைப் போட்டது யார் என்பது அடுத்த கேள்வி. யார் வேண்டுமானாலும் புது நாணயம் அடித்து, அதையும் கொஞ்சம் நல்ல நாணயத்தையும் சேர்த்துக் குவியல் வைக்கலாம். ஜனங்கள் நல்ல நாணயத்தைப் போட்டுப் புது நாணயத்தை வாங்க வாங்க விலை ஏறும். ஒரு நாள் இரவில் வைத்தவர் நல்ல நாணயத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார். 2021இல் பிரபலமான கொரியத் தொடர் ஒன்றின் பெயரை வைத்து ஸ்க்விட் என்று ஒரு நாணயம் வந்தது. சில நாட்களில் அதன் விலை 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு விற்க முடியவில்லை. உள்ளே போகத்தான் கதவு, வெளியே வர இல்லை. நவம்பர் 1 அன்று சில நிமிடங்களில் அது ஒன்றுமில்லாமல் போயிற்று. பேரேட்டில் ஒரு பிழையும் கிடையாது. எல்லாம் விதிப்படியே நடந்தது.

புதிதாக ஒரு ஊரிலிருந்து வத்தல் வரவழைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் ரெண்டு மூட்டை. பிரித்துப் பார்த்து, விற்றுப் பார்த்து, அப்புறம்தான் லோடு. இங்கேயும் அதே பழக்கம் செல்லும், ஒரு வித்தியாசத்தோடு. சிறு தொகைக்கு வாங்கினால் போதாது. அதை விற்று ரூபாயாக வங்கிக்குக் கொண்டுவந்தும் பார்க்க வேண்டும். அதுவும் போதாது என்பதற்குப் பையனின் பன்னிரண்டாயிரமே சாட்சி. முன்பின் தெரியாதவர் அனுப்பிய இணைப்பிலிருந்து இறக்கிய செயலியில் எத்தனை முறை சோதித்தாலும் அது சோதனை ஆகாது.

இன்னொரு ஆபத்து, நம் பெட்டியிலிருந்து நாணயத்தை எடுத்துக்கொள்ள இந்தச் சந்தைகள் கேட்கும் அனுமதி. ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். பெரும்பாலும் அளவில்லாமல் கேட்கும். அவசரத்தில் விரலை அழுத்திவிடுகிறோம். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டு எதிர்க்கடைக்காரரிடம் கொடுப்போமா? அதுதான் இது. கொடுத்த அனுமதியைப் பின்னால் ரத்து செய்யவும் வழி இருக்கிறது; மாதம் ஒரு முறை பார்த்து ரத்து செய்வது நல்லது.

சாவி யாரிடம்?

நாணயத்தை நாமே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பன்னிரண்டு அல்லது இருபத்துநாலு ஆங்கிலச் சொற்கள் தருவார்கள். அந்தச் சொற்கள்தான் இரும்புப் பெட்டிச் சாவி. தொலைந்தால் மாற்றுச் சாவி செய்ய ஆசாரி இல்லை. பிறர் கையில் கிடைத்தால் புகார் வாங்க மேனேஜர் இல்லை. காகிதத்தில் எழுதி இரண்டு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். செல்போனில் படம் பிடித்து வைப்பது சாவியைக் கதவிலேயே தொங்க விடுவது போல. எந்த நியாயமான நிறுவனமும் அந்தச் சொற்களைக் கேட்காது. கேட்பவர் எவரானாலும் திருடரே. காகிதம் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். உடையவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வாரிசுச் சான்றிதழைக் காட்டினால் அந்தப் பெட்டி திறக்காது.

அனுப்பும்போது முகவரியின் முதல் நாலு எழுத்தையும் கடைசி நாலு எழுத்தையும் பார்த்து அனுப்புகிறவர்கள் அதிகம். அதே முதலும் முடிவும் வருகிற மாதிரி போலி முகவரி செய்து, நம் பழைய கணக்கு வரிசைக்குள் நுழைத்து வைக்கும் கூட்டம் இருக்கிறது. ஆகவே முழுவதையும் ஒப்பிட வேண்டும். பெரிய தொகையானால் முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்ப வேண்டும். தவறிப் போன லாரியை டோல்கேட்டில் மறிக்கலாம். இதை மறிக்க முடியாது.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று பெரிய நிறுவனத்திடமே நாணயத்தை விட்டு வைப்பவர்களே நம் நாட்டில் அதிகம். அதிலும் பேரைப் பார்த்து மயங்குவதற்கில்லை. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அவ்வளவு பெரிய பேர் என்று நம்பிப் போட்டவர்களே நஷ்டப்பட்டார்கள். அந்த அடியிலிருந்துதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற உலகப் பெரிய கிரிப்டோச் சந்தை திவாலாகியபோதும் வாடிக்கையாளர் பணத்தை எடுத்து வேறிடத்தில் போட்டது வெளியே வந்தது.

நம் நாட்டில் நடந்ததைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் சந்தையின் பெட்டி ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவு போயின. அந்தப் பெட்டியைத் திறக்கப் பலர் கையெழுத்து வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தும் போயிற்று. வாடிக்கையாளர்கள் தங்கள் நாணயத்தை ஓராண்டுக்கு மேல் தொட முடியவில்லை. நஷ்டத்தை எல்லார் தலையிலும் பங்கு போடத் திட்டம் வந்தது. அதை எதிர்த்து, களவு போகாத வேறு வகை நாணயம் வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். 2025 அக்டோபரில் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் சொத்து ஆகும், அதை ஒருவர் அனுபவிக்கவும் உடைமையாக வைக்கவும், பிறருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் முடியும் என்று கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. நமக்கெல்லாம் இது பெரிய ஆறுதல். ஆனாலும் வழக்கு நடத்தி வாங்க வேண்டிய பாதுகாப்பு, சிறு கடைக்காரருக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

சட்டமும் வரியும்

கிரிப்டோ வாங்குவது குற்றமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் இந்த வியாபாரத்துக்குச் சேவை செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்காக ரூபாயைப் போல் செல்லும் பணம் என்றும் எண்ணக்கூடாது. 2023 மார்ச் முதல் இந்தச் சந்தை நடத்துவோர் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த நிறுவனமா என்று பார்ப்பது முதல் வேலை.

வரி விஷயத்தில் நம்மவர்கள் சறுக்குவது அதிகம். 2022 முதல் லாபத்தில் 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். வாங்கிய விலை தவிர வேறு செலவு எதுவும் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தில் நஷ்டம், இன்னொன்றில் லாபம் என்றால் நேர் செய்யவும் விடமாட்டார்கள். மளிகை லாபத்திலும் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீதம் பிடித்தம். எங்கள் ஐயாயிரத்தை விற்றபோது அறுநூறு ரூபாய் நஷ்டம். நஷ்டத்துக்கு விற்றதிலும் அந்த ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். ஆடிட்டர் சிரித்துக்கொண்டே கணக்கில் சேர்த்தார். ஆனால் இந்த வரி அரசுக்கு, நம் ரிட்டர்னில் கட்டுவது. பணத்தை எடுக்க முன்வரி கட்டச் சொல்லும் செயலி எதுவானாலும் ஏமாற்று.

மிக முக்கியமான ஒன்று. டாலருக்குச் சமமாக நிற்கும் யுஎஸ்டிடி நாணயத்தை ஆளுக்கு ஆள் நேரடியாக விற்று, கடையின் நடப்புக் கணக்கில் பணம் வாங்குகிற பழக்கம் பரவி வருகிறது. வாங்குபவர் அனுப்பும் பணம் எங்கோ யாரையோ ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், புகார் வந்தவுடன் அந்தப் பணம் போன வழியெல்லாம் உள்ள கணக்குகளை முடக்கிவிடுகிறார்கள். பிறகு கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் வரும் பத்து ரூபாய்கூட எடுக்க முடியாது. மொத்தக்கடைக்குச் செக் திரும்பும். கடைக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒருநாளும் ஒன்றாகக்கூடாது. கடையின் சுழல் பணத்திலிருந்து ஒரு ரூபாயும் அங்கே போகக்கூடாது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய சொந்தச் சேமிப்பில், அதுவும் ஒரு வரம்பு எழுதி வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் செய்யட்டும். ஒவ்வொரு வாங்கல் விற்றலையும் அன்றன்று தேதி, ரூபாய், எண்ணிக்கை போட்டு எழுதி வர வேண்டும். எழுதக் கை கூசுகிற வியாபாரத்தை நிறுத்திவிடலாம்.

ஏமாந்துபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் வங்கிக் கணக்குகளைத் தாண்டிப் போகுமுன் சொன்னால் நிறுத்தி வைக்க வழி உண்டு. அந்தப் பையன் பயந்துகொண்டு ஐந்து நாள் மறைத்துவிட்டான். ஐந்தாம் நாள் புகார் கொடுத்தபோது ஒரு கணக்கில் பதினெட்டாயிரம்தான் நின்றது.

அந்தத் தீபாவளிக்கு அவருக்குச் சரக்கு கொடுத்தோமா என்று கேட்பீர்கள். கொடுத்தோம். வெள்ளத்துக்கு மறு வாரம் அவர் பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்த நோட்டு எங்கள் கண்ணிலேயே நின்றது. வாரம் மூவாயிரம் கூடுதலாகக் கட்டிக் கழிப்பது என்று பேச்சு. இப்போது செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் பதில் பையன்தான் வருகிறான். நோட்டும் அவன் கையெழுத்தில்தான் இருக்கிறது. போன வாரம் எங்கள் கணக்குப்பிள்ளை கூட்டலில் விட்ட நூற்றெண்பது ரூபாயை அவன்தான் எடுத்துக் காட்டினான். விட்டது எங்கள் பக்கத்துப் பாக்கியில்.